ஆடுகளமும் ஒலிபெருக்கியும்

கிழக்கிலங்கையின் தென்கரையிலே, மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால், பாடசாலை மைதானங்கள் மணவீடுகளைப் போலப் பொலிவு பெறுகின்றன. சுண்ணாம்புக் கோடுகள் வெண்மையாகத் துலங்கும். இல்லங்கள் தத்தம் நிறத்துக்கேற்ப அலங்கரிக்கப்படும். பெற்றோர் குடை பிடித்தவண்ணம் எல்லைக் கயிற்றோரம் வந்து நிற்பர். கடலை விற்பவரும் ஐஸ்பழம் விற்பவரும் வாயிலில் இடம் பிடித்துக்கொள்வர். இவர்கள் எல்லாருக்கும் முன்னதாகவே அங்கு வந்து இடம் பிடித்துவிடுவன, ஆளுயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்ட கரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள்.

காலையில் தொடங்கும் பாட்டு மாலை வரையில் ஓய்வதில்லை. பாட்டுகளும் பலவல்ல, அவ்வாண்டில் எவை பெயர் பெற்றனவோ அந்த ஆறேழு பாட்டுகளே மாறி மாறி ஒலிக்கும். அணிநடைக்கும் அதே பாட்டு. அஞ்சலோட்டத்துக்கும் அதே பாட்டு. பரிசளிப்புக்கும் அதே பாட்டு. நண்பகலாகும்போது, காலையில் அதைக் கேட்டு ஆடிய சிறுவர்களே அதைக் கேளாதவர்கள்போல் இருக்கின்றனர்.

இந்நிலையில் 100 மீற்றர் இறுதி ஓட்டம் வருகிறது. அறுவர் கோட்டருகே குனிந்து நிற்கின்றனர். ஓட்டத்தைத் தொடக்கி வைக்கும் ஆசிரியர், 'உங்கள் இடங்களில்' என்கிறார். இரண்டு சிறுவர்க்கு அது கேட்கிறது, நால்வர்க்குக் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தும்படி சைகை காட்டுகிறார். பெட்டியின் பக்கத்தில் இருப்பவரோ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். மீண்டும் கட்டளை, மீண்டும் குழப்பம். இறுதியில் வேட்டு வெடிக்கும்போது, ஓரத்து ஓடுபாதையில் நின்ற சிறுவன் பக்கத்துச் சிறுவன் பாய்ந்ததைக் கண்ட பின்னரே பாய்கிறான். ஓராண்டு முழுவதும் கடற்கரை மணலில் ஓடிப் பயின்றவன் அந்த ஒரு கணத்தில் பின்தங்கிவிடுகிறான். இது ஒரு நாள் ஓர் ஊரில் நடந்த கதையன்று. ஒலிபெருக்கி ஓயாத மைதானம் எதிலும் எந்நாளும் நடக்கக்கூடியது.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் தூரம் செல்வது. 100 மீற்றரைக் கடக்க அதற்கு விநாடியின் பத்தில் மூன்று பங்கு அளவு நேரம் வேண்டும். அதனாலேயே முடிவுக் கோட்டில் நிற்கும் நேரக் கணிப்பாளர் வேட்டின் ஓசையைக் கேட்டு அன்று, அதன் புகையைக் கண்டே கடிகாரத்தை இயக்குமாறு பயிற்றப்படுகின்றனர். இத்துணை நுட்பமாகக் காலத்தை அளக்க முனைகின்ற ஒரு களத்தில், ஓடுபவனின் காதை மட்டும் பாட்டுக்கு ஒப்படைத்துவிடுவது நீதியாகுமா?

இவ்வாறு சொல்வதால் விளையாட்டுக்கும் இசைக்கும் பகை உண்டென்று கொள்ளலாகாது. இரண்டும் மிகப் பழைய உறவினர். இக்கரையிலேயே அதற்குச் சான்றுகள் பல உண்டு. முஸ்லிம் ஊர்களில் வழங்கிய பொல்லடியில், பாட்டின் தாளத்துக்கேற்பவே கையிலுள்ள பொல்லுகள் ஒன்றோடொன்று மோதும். பாட்டு விரைந்தால் ஆட்டமும் விரையும். தமிழர் ஊர்களில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டிலே, வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு கட்சியாகப் பிரிந்து நின்று ஒருவர்க்கொருவர் பாடிக்கொண்டே கொம்பிழுப்பர். கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாட்டு, பல கைகளை ஒரு கையாக்கி வலையைக் கரைசேர்க்கும். இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. தொழிலையோ ஆட்டத்தையோ யார் செய்கின்றனரோ அவர்களோ, அவர்களைக் கண்ணெதிரே காண்பவர்களோதாம் பாடினர். வலை கரையேறியதும் அம்பா நின்றுவிடும். நிறுத்துவதற்கு ஒருவர் சைகை காட்டவேண்டியதில்லை.

மேல்நாட்டு மைதானங்களிலும் இசை தொடக்கத்தில் இவ்வாறே நுழைந்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள றிக்ளி ஃபீல்ட் என்னும் பேஸ்போல் மைதானத்தில் 1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர்கன் என்னும் கருவியை ஒருவர் அமர்ந்து வாசித்தார். பெரும் பேஸ்போல் மைதானமொன்றில் ஓர்கன் இசை ஒலித்தது அதுவே முதன்முறை. அதே நகரின் மற்றோர் அணியான வைற் சொக்ஸின் மைதானத்தில் 1970 தொடக்கம் 2010 வரை நான்சி ஃபௌஸ்ட் என்னும் பெண்மணி ஓர்கன் வாசித்தார். களத்தில் நிகழ்வதைக் கண்ணாற் கண்டு, அந்தக் கணத்துக்குப் பொருத்தமான மெட்டை வாசிப்பது அவருடைய கலை. அங்கே இசை ஆட்டத்தைக் கவனித்தது. ஆட்டத்துக்குப் பதில் சொன்னது. பதிவு செய்த பாட்டு பெட்டிக்குள்ளிருந்து வரத் தொடங்கிய பின்னரே, ஆட்டத்தைக் காணாத இசை மைதானத்துக்குள் புகுந்தது.

இலங்கைக்கு வருவோம். இந்நாட்டுக் கிரிக்கெட் மைதானங்களுக்கு உலகெங்கும் ஓர் அடையாளத்தைத் தேடித் தந்தது பப்பரே வாத்தியம். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கியதாகக் கொள்ளப்படுவது போன்ற பெரும் பாடசாலைப் போட்டிகளில் வளர்ந்தது அது. பித்தளைக் குழல்களும் மேளமும் சேர்ந்து பைலா மெட்டுகளை முழக்கும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் 'வடக்கின் பெருஞ்சமரி'லும் வாத்திய முழக்கத்துக்குக் குறைவில்லை. பப்பரேயும் சத்தமான இசையே. அதை விரும்பாதவரும் உளர். ஆயினும் அதை வாசிப்பவர் மூச்சுவிடும் மனிதர். அவர் களைப்படைவார், தேநீர் அருந்துவார், விக்கெட் வீழ்ந்தால் குழலைத் தூக்குவார், தம் அணி தோற்கும் நிலை வந்தால் மெட்டை மாற்றுவார். அந்த இடைவெளிகளிலே மைதானம் மூச்சுவிடுகிறது. ஒலிபெருக்கிக்கு மூச்சும் இல்லை, களைப்பும் இல்லை. அதுவே அதனிடமுள்ள ஆபத்து.

நல்ல பாட்டையும் இந்த ஓயாமை எவ்வாறு கெடுக்கின்றது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'செவன் நேஷன் ஆர்மி' என்னும் அமெரிக்கப் பாட்டின் மெட்டை, அவ்வாண்டு அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்ற பெல்ஜிய உதைபந்தாட்ட இரசிகர்கள் தாமாகவே வாயாற் பாடத் தொடங்கினர். கேட்ட இத்தாலியர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 2006இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றபோது தெருவெங்கும் அதுவே ஒலித்தது. 2008ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அணிகள் களத்தினுள் நுழையும்போது அது ஒலிபெருக்கியில் இசைக்கப்பட்டது. பின்னர் எந்த நாட்டு மைதானத்திலும், எந்த ஆட்டத்துக்கும் அதுவே. கூட்டத்தின் தொண்டையிலே பிறந்த மெட்டு பெட்டிக்குள் போய், கூட்டம் கேட்காதபோதும் ஒலிக்கும் ஓசையாகிவிட்டது.

பாட்டு தேய்வது சிறிய நட்டமே. கூட்டம் தன் குரலை மறப்பது பெரிய நட்டம். 2017ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கிலே ஒரு கூடைப்பந்தாட்டம் நடைபெற்றது. அதன் முதற் பாதியை இசையும் படக்காட்சியும் இன்றி, ஆட்டத்தின் இயற்கையான ஓசைகளோடு மட்டும் நடத்த நிர்வாகிகள் தீர்மானித்தனர். பந்து தரையில் மோதும் ஓசையும், காலணிகள் உராயும் ஓசையும், வீரர் ஒருவரையொருவர் விளிக்கும் ஓசையும் அரங்கில் கேட்டன. ஆனால் எதிரணி வீரர் ஒருவர், இது ஆட்டத்தையே அவமதிப்பது என்று பின்னர் சினந்துகொண்டார். ஆட்டத்தின் சொந்த ஓசையே ஆட்டக்காரருக்கு அந்நியமாகிவிட்ட நிலையைப் பாருங்கள். பழக்கம் மனிதரை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகின்றது.

இதன் மறுபுறத்தை 2020ஆம் ஆண்டு காட்டியது. பெருந்தொற்றின் காரணமாக இந்தியன் பிறீமியர் லீக் போட்டிகள் ஐக்கிய அரபு இராச்சியத்தில் பார்வையாளர் இன்றி நடைபெற்றன. தொலைக்காட்சியில் பார்த்தவர்க்கு வெறுமை தோன்றாதிருக்கும்பொருட்டு, முன்னரே பதிவு செய்த கூட்டத்தின் ஆரவாரம் சேர்த்து ஒலிக்கப்பட்டது. மைதானத்தில் மனிதர் இருக்கும்போது அவர்களுடைய ஆரவாரத்தைப் பாட்டால் மூடுகின்றனர். மனிதர் இல்லாதபோது அதே ஆரவாரத்தைத் தேடி ஏங்குகின்றனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது அரிய பொருள் என்பது விளங்கும்.

இனி, செவியைப் பற்றிச் சிறிது நோக்குவோம். ஒலியின் வலிமையை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். 3 டெசிபெல் உயருந்தோறும் ஒலியின் ஆற்றல் இருமடங்காகின்றது. ஆகவே பெட்டியின் குமிழைச் சிறிது திருப்புவது சிறிய காரியமன்று. கிழமைக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் ஒலியைக் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. ஒலி 90 டெசிபெல் ஆகும்போது அந்த 40 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகின்றது. விளையாட்டு விழாவோ காலை முதல் மாலை வரை நீள்வது. பெட்டியின் முன்னே இடம் பிடித்து அமரும் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் ஒரு கிழமைக்குரிய அளவை ஒரே நாளில் தாண்டிவிடக்கூடும். உட்காதில் உள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மறுமுறை முளைப்பதில்லை. இசை நிகழ்ச்சி நடைபெறும் இடங்களில் எந்தப் பதினைந்து நிமிட நேரத்திலும் சராசரி ஒலி 100 டெசிபெலை மேற்படலாகாது என்று அதே நிறுவனம் 2022ஆம் ஆண்டில் ஒரு நியமத்தையும் வெளியிட்டது. அது வளர்ந்தவர் கூடும் அரங்குகளுக்கும் பொருந்துவது. சிறுவர் கூடும் பாடசாலை மைதானத்தில் அதனினும் குறைவாக இருத்தலே முறை.

மைதானத்துக்குள் இருப்பவர் நிலை இது. வெளியே இருப்பவர் நிலை என்ன? கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பட்டையில், வீட்டோடு வீடு ஒட்டி நிற்பவை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அழித்த பின்னர், இருக்கும் நிலத்தில் நெருக்கம் மேலும் கூடிற்று. இங்கே மைதானம் என்பது ஊருக்கு வெளியே உள்ள வெட்டவெளியன்று. நாற்புறமும் வீடுகள் சூழ்ந்த முற்றம் போன்றது. பெருநாள் விடுமுறைகளில் மின்னொளியில் நடைபெறும் மென்பந்து கிரிக்கெட் போட்டிகள் இரவு நெடுநேரம் நீள்வதுண்டு. இரவில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்துவிடுவதால், மேலே செல்லவேண்டிய ஒலி வளைந்து கீழிறங்கித் தொலைவிலுள்ள வீடுகளுக்கும் எட்டுகின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது வயற்புறத்து ஒலியையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த வீடுகளிலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு. அன்றுதான் வைத்தியசாலையிலிருந்து திரும்பிய மூத்தம்மா உண்டு. அதிகாலைத் தொழிலுக்காகக் கண்ணயரும் மீனவர் உண்டு.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் மேலும் தெளிவான கட்டளையை வழங்கிற்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது. விசேட நிகழ்வுகளுக்கு விலக்களிப்பதாயின் அயலவரின் கருத்தை அறிந்தே அளிக்கவேண்டும். பகலிலும் ஒலி குறித்த வளவின் எல்லையைக் கடத்தலாகாது என்பன அதன் சாரம். அவ்வழக்கு வெலிகமையிலே ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றி எழுந்தது என்பது இங்கே சிந்திக்கத்தக்கது. பாங்கொலிக்கே எல்லை வகுக்கப்பட்ட நாட்டில், கிரிக்கெட் போட்டியின் பாட்டுக்கு எல்லை வேண்டாம் என்று வாதிப்பார் எவ்வாறு வாதிப்பர்?

இசை ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவ்வூர்களிலே இரு கருத்தினரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். மைதானத்துப் பிரச்சினையைத் தீர்ப்பதற்கு அந்த விவாதத்தை முடித்து வைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆகும் என்பவரும் அளவு வேண்டும் என்பதை மறுக்கமாட்டார். இசையைத் தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் இதே கரையிலுள்ள காரைதீவில்தான். மறைந்துபோன யாழின் ஓசையைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்ட அப்பெரியார் பிறந்த மண்ணிலே, இசையை மதிப்பவர் அதைக் கவனமின்றிச் சிந்தவிடலாகாது என்பதையும் உணர்வர்.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்பதே முறை. பாட்டில்லாவிட்டால் கூட்டம் சேராது என்பர் இளைஞர். ஒலிபெருக்கியை வாடகைக்கு விடுபவர்க்கு அது பிழைப்பு. உதவி வழங்கும் கடைக்காரர் தம் கடையின் பெயர் ஊருக்குக் கேட்கவேண்டும் என்று விரும்புவார். இவை யாவும் உண்மையே. இவற்றுள் எதற்கும் பெட்டி ஓயாது ஒலிக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வாடகை, நாளுக்குரியதேயன்றிப் பாட்டின் எண்ணிக்கைக்கு உரியதன்று. அமைதியின் நடுவே ஒருமுறை சொல்லப்படும் கடையின் பெயர், இரைச்சலின் நடுவே ஐம்பது முறை கூவப்படும் பெயரினும் நன்றாக மனத்தில் பதியும்.

இக்கரையின் மக்களுக்கு இவ்வடக்கம் புதியதுமன்று. மைதானத்துக்கு அருகிலே ஒரு வீட்டில் ஜனாஸா விழுந்துவிட்டால், எவரும் கேட்காமலே பாட்டு நின்றுவிடுகின்றது. அறிவிப்பாளரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஆட்டம் தொடர நேர்ந்தாலும் அமைதியாகவே தொடர்கின்றது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மூண்ட மோதலால் இடைநிறுத்தப்பட்ட இந்தியன் பிறீமியர் லீக் மீண்டும் தொடங்கவிருந்தபோது, முன்னாள் வீரர் சுனில் கவாஸ்கரும் இத்தகைய வேண்டுகோளையே விடுத்தார். உயிரிழந்தோரின் குடும்பத் துயரை மதித்து, எஞ்சிய போட்டிகளில் ஓவர்களுக்கிடையே முழங்கும் இசையையும் நடனத்தையும் தவிர்க்குமாறு அவர் கேட்டார். இறந்தவர்க்காக நிறுத்தத் தெரிந்த பாட்டை, உயிரோடு நோயுற்றுக் கிடப்பவர்க்காகவும், படிக்கும் பிள்ளைக்காகவும், ஓடும் சிறுவனுக்காகவும் நிறுத்தத் தெரியாதா?

செய்யவேண்டியவை அரியனவல்ல. விழாவுக்குப் பொறுப்பானவர்கள், ஓட்டத்தைத் தொடக்கும் ஆசிரியரையும் நடுவரையும் கண் எடுக்காமல் பார்க்கும் ஒருவரைப் பெட்டியருகே அமர்த்தட்டும். ஓடுபவர் கோட்டுக்கு வந்த கணம் முதல் முடிவுக் கயிற்றைத் தொடும் கணம் வரை பாட்டு வேண்டாம். கிரிக்கெட்டிலும் பந்து உயிரோடு இருக்கும்வரை வேண்டாம். மட்டையின் விளிம்பில் பந்து உரசும் மெல்லோசையைக் கேட்டே நடுவர் பல தீர்ப்புகளை வழங்கவேண்டியிருக்கின்றது. பாங்கு வேளைக்குச் சற்று முன்னரே நிறுத்தி, தொழுகை முடியும்வரை பொறுக்கட்டும். கோயிற் பூசை வேளைக்கும் தேவாலய வழிபாட்டுக்கும் அதே மரியாதை உரியது. ஒரு மூலையில் மலைபோல் அடுக்குவதைவிட, சிறிய பெட்டிகளைப் பல இடங்களில் உள்நோக்கி வைத்தால் குறைந்த ஒலியிலேயே அறிவிப்புத் தெளிவாகக் கேட்கும். அணிநடைக்குப் பாடசாலையின் பேண்ட் வாத்தியக் குழு இருக்கிறது. பல மாதம் பயின்ற அந்த மாணவர்களின் இசையைப் பெட்டி விழுங்கிவிடலாகாது. இடைவேளையில் ஒரு பொல்லடி நடைபெறட்டும். அதன்பின் நல்ல பாட்டொன்று ஒலித்தால், அதை எல்லாரும் செவிகொடுத்துக் கேட்பர்.

நேயர்களே, மீண்டும் அந்தச் சிறுவனிடம் செல்வோம். அடுத்த ஆண்டும் அவன் கோட்டருகே குனிந்து நிற்பான். அப்பொழுது மைதானத்தில் பாட்டு இல்லை. கடலின் இரைச்சல் மெல்லக் கேட்கிறது. கொடிகள் காற்றில் படபடக்கின்றன. கட்டளை அறுவர்க்கும் ஒருங்கே கேட்கிறது, வேட்டும் கேட்கிறது. ஐம்பதாவது மீற்றரில் அவன் சற்றுப் பின்தங்கும்போது, எல்லைக் கயிற்றுக்கு வெளியே குடையை வீசிவிட்டு அவனுடைய உம்மா, 'ஓடு மகன், ஓடு!' என்று கத்துகிறாள். அந்தக் குரல் அவனுக்குக் கேட்கிறது. அவன் முதலாவதாக வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அந்தக் குரலை அவன் மறக்கமாட்டான்.